நாச்சிமுத்து உள்ளே இருக்கிறார்

ஒரு மனிதரின் பெயரை அவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தேன். ஒரு நாளுக்கு மட்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை.

பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஆடிட் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் போன மாதம் எனக்குப் போன் செய்தாள். "சார், உங்க சர்வீஸ்ல ஒரு ஆடிட்டுகூட ஃபெயில் ஆனதில்லையாமாங்க. எங்க குரூப்புக்கு வந்து ஒரு அர மணி நேரம் பேசுங்க சார்" என்றாள். இப்போது கேள்விகளெல்லாம் செல்போன் செயலியில் வந்துவிடுகின்றனவாம், தொழிலாளி தானே பொத்தானை அமுக்கிப் பதில் சொல்கிறாராம். பேச வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் சொல்லக்கூடியது என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பேசுவதைவிட எழுதுவது எளிதாக இருக்கிறது.

என் ஊர் மங்கலம். அப்பா எட்டுத் தறி வைத்திருந்தார். லைசென்ஸ் நான்குக்குத்தான். தறி எண்ண அதிகாரி வரும் நாட்களில் மீதி நான்கைப் பாயால் மூடி மேலே நூல் மூட்டைகளை அடுக்குவோம். முருகனுக்கு விளக்கு வைக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத என் அப்பா, அந்த அதிகாரியைப் பார்த்து "நாலுதானுங்க" என்பார். தொழில் செய்கிறவனைப் பொய்யனாக்குவது அனுமதிச் சீட்டுதான் என்ற எண்ணம் எனக்கு அப்போதே வந்துவிட்டது. கோயம்புத்தூரில் பொருளாதாரம் எம்.ஏ. படித்தபோது அதற்குப் பெரிய பெரிய வார்த்தைகள் கிடைத்தன. விற்பவனும் வாங்குபவனும் மனமொத்து விலை பேசிக்கொள்ளட்டும், அரசாங்கம் நடுவில் வராமல் இருக்கட்டும். இன்றும் எனக்கு அதே கருத்துதான். பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதமாக நிறைய எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கருத்துக்காக நான் எதையும் இழந்ததில்லை. இழந்தவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் ஆட்கள் பிரிவில் சேர்ந்து, சில வருடங்களில் மேலாளர் ஆனேன். வெளிநாட்டுக் கடைக்காரர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஓர் ஆடிட்டரை அனுப்புவார்கள். அவர் கணக்குப் பார்க்க வருபவர் அல்ல. தொழிலாளர்களுக்கு எத்தனை மணி நேர வேலை, கக்கூஸ் சுத்தமாக இருக்கிறதா, யாரையாவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று பார்க்க வருபவர். பட்டியலிலிருந்து சில பெயர்களை அவரே தேர்ந்தெடுத்து, தனி அறையில் உட்காரவைத்துப் பேசுவார். விதிப்படி வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான். ஆனால் எங்கள் ஊரில் சரக்கு கப்பலேறும் நாள் நெருங்கினால் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் அதை விரும்பித்தான் செய்தார்கள். இது விதி எழுதியவர்களுக்கும் தெரியும் என்றே நான் நம்பினேன்.

ஆகவே ஆடிட்டுக்கு மூன்று நாள் முன்பிருந்து சாப்பாட்டு ஹாலில் ஒத்திகை நடத்துவேன். வேலை முடிவதற்குக் கால் மணி நேரம் முன்பு எல்லோரும் வரிசையாக உட்காருவார்கள். நான் கேட்பேன்: எத்தனை மணி நேரம் வேலை? "எட்டு மணி நேரம்." ஓவர்டைம் உண்டா? "எப்பவாச்சும். விருப்பப்பட்டாத்தான்." முதல் நாள் சிரிப்பும் கேலியுமாக இருக்கும். இரண்டாம் நாள் குரல்கள் சேரும். மூன்றாம் நாள் முந்நூறு பேரும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அந்த மூன்றாம் நாள் எனக்கு எப்போதுமே கொஞ்சம் குளிர் எடுக்கும். ஒவ்வொரு வாயும் அசைவது தெரியும். ஆனால் சத்தம் அந்த வாய்களிலிருந்து வருகிற மாதிரி இருக்காது. தகரக் கூரையிலிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

அந்த வரிசையில் வாய் அசைக்காமல் உட்கார்ந்திருந்தவர் நாச்சிமுத்து.

துணி ஓரங்களைப் பின்னித் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். குண்டடத்துக்காரர். கிணறு வற்றியதும் காட்டு விவசாயத்தை விட்டுவிட்டுத் தையலுக்கு வந்தவர். அப்போது நாற்பது வயதிருக்கும். அரசாங்கம் கொடுத்த இலவச மிக்சியையும் மின்விசிறியையும் வேண்டாமென்று திருப்பி அனுப்பியவர். விவசாயக் கடன் தள்ளுபடி ஆனபோது, "வாங்குனது நானு. அவிய எப்படித் தள்ளுவாங்க?" என்று கூட்டுறவுச் சங்கத்தில் போய்க் கட்டிவிட்டு வந்தவர். அவருடைய சொந்தக்காரர்களே அவரைப் பைத்தியம் என்றார்கள். நோன்பு நாளில் வேலைக்கு வரமாட்டார். முன்கூட்டியே சொல்லிவிடுவார், சம்பளம் கேட்கமாட்டார்.

டீக்கடையில் அவருக்கும் சண்முகவேலுக்கும் தினமும் வாக்குவாதம் நடக்கும். சண்முகவேல் தூத்துக்குடிக்காரர், யூனியன் ஆள்.

"அண்ணாச்சி, எட்டு மணி நேரத்துக்காக உலகம் பூரா மனுசன் செத்திருக்கான். நீரு பன்னெண்டு மணி நேரம் உக்காந்து தச்சா, பக்கத்து மிசின்காரனும்லா உக்காரணும்?"

"நான் உக்கார்றது என்ற கையிக்குங்க. அவனுக்கு முடியாட்டி எந்திரிச்சுப் போகட்டும். அவன நான் புடிச்சா வெச்சிருக்கறன்?"

"மொதலாளி புடிச்சு வச்சிருக்காருல்லா."

"எனக்கு மொதலாளி வேல குடுக்கலீங்க சண்முகவேலு. நான் தையல விக்கறன், அவரு வாங்கறாரு. நாளைக்கு அக்கட்டால ஒருத்தரு கூடக் குடுத்தா நான் அங்க போயிருவன். அதுக்கு எனக்கு யூனியனும் வேண்டாம், வெள்ளைக்காரன் சட்டமும் வேண்டாம்."

"ஒம்ம வாய்க்கு நீரு கம்பெனி வச்சிருக்கணும்யா."

"வெப்பன், வெப்பன். உங்களத்தான் மொதல்ல வேலைக்கு எடுப்பன். எட்டு மணி நேரம் மட்டும்."

கடையே சிரிக்கும். நான் நாச்சிமுத்து பக்கம். படித்தவன் ஒருவன் தன் பக்கம் இருப்பது அவருக்குச் சந்தோஷம். "சார் சொன்னாச் செரியா இருக்கும்" என்பார்.

மூன்றாம் நாள் ஒத்திகை முடிந்து அவரை அறைக்குக் கூப்பிட்டேன். ஆடிட்டர் தேர்ந்தெடுத்து அனுப்பிய பத்துப் பெயர்களில் அவர் பெயரும் இருந்தது.

"எட்டு மணி நேரம்னு சொல்லீருங்க நாச்சிமுத்து. ரெண்டு நிமிசம்."

"பன்னெண்டு மணி நேரம்னு சொல்றனுங்க. யாரும் கட்டாயப்படுத்தல, நானாத்தான் செய்யறன்னும் சொல்றன். அதுல என்னங்க தப்பு? நம்ம ரெண்டு பேரும் டீக்கடைல பேசறது அதுதானுங்களே. ஆடிட்டரம்மாகிட்டச் சொன்னாத்தான அவிய ஊருக்குத் தெரியும்?"

நான் முதலாளியிடம் போனேன்.

எங்கள் முதலாளி குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எதிரில் நிற்பவர் பேசும்போது மேசையில் கிடக்கும் துணித்துண்டு ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துக்கொண்டே இருப்பார். எடை பார்க்கிற விரல்கள் அவை. உத்தரவு என்று ஒன்றை அவர் இட்டதே இல்லை. கேள்விதான் கேட்பார்.

"அவரு அப்படிச் சொன்னா என்னாகுமுங்க சார்?"

"ஆர்டர் போயிருமுங்க."

"போனா?"

"முந்நூறு பேருக்கு வேலை இருக்காதுங்க."

"அவரு நல்ல மனுசருங்களே. அவரப் பொய் சொல்லச் சொல்றது பாவமில்லீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அவரு வாயில பொய் வராமப் பாத்துக்க வழி இருக்குதுங்களா?"

துணித்துண்டு தேய்ந்துகொண்டே இருந்தது. வழியைச் சொன்னது நான்தான். இன்னொரு யூனிட்டில் பேக்கிங்கில் ராசு என்று ஒருவர் இருந்தார். நாச்சிமுத்துவின் வயது, அவரைப் போலவே ஒல்லி. நாச்சிமுத்துவுக்கு ஒரு நாள் லீவு கொடுத்துவிட்டு, அவருடைய அடையாள அட்டையை ராசு கழுத்தில் போட்டு உட்காரவைக்கலாம். முதலாளி துணியைக் கீழே வைத்தார். "உங்களுக்குச் செரின்னு பட்டாச் செரீங்க" என்றார்.

அன்று மாலையே ராசுவை வரவழைத்தேன். அடையாள அட்டையில் படத்தை மாற்றினேன். வாசலில் இருந்த வருகைப் பதிவு மெஷினில், நாச்சிமுத்துவின் எண்ணுக்கு எதிரே இருந்த ரேகையை அழித்துவிட்டு ராசுவின் கட்டைவிரலை வைக்கச் சொன்னேன். பச்சை விளக்கு எரிந்தது. இந்தத் தொழிலாளர்களின் அடையாளம் சரியானது என்று அச்சடித்த சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன்.

ஆடிட் நாளில் கம்பெனி வேறு கம்பெனியாக இருக்கும். புதுச் சுண்ணாம்பு வாசம். நடைபாதையில் ஒரு துணித்துணுக்கு இருக்காது. மெஷின்கள் பாதி வேகத்தில் ஓடும். அன்றைக்கு மட்டும்தான் மின்விசிறிகளின் சத்தம் காதில் விழும். ஆடிட்டர் அம்மாள் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். மெதுவாகப் பேசுபவர். நல்ல தமிழ். சாம்பிள் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன்.

பத்து மணிக்கு வாசலிலிருந்து போன் வந்தது. வாட்ச்மேன் அந்த வாரம்தான் ஏஜென்சியிலிருந்து வந்தவர், யாரையும் தெரியாது.

"சார், நாச்சிமுத்துன்னு ஒருத்தர் வந்திருக்கார். ஆனா நாச்சிமுத்து உள்ள இருக்காருங்களே. மெஷின்ல எட்டு மணிக்கே வந்திருக்குது."

போனேன். கேட்டுக்கு வெளியே நாச்சிமுத்து நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. லீவு வேண்டாமென்று வந்துவிட்டார். மெஷினில் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். சிவப்பு. பிறகு விரலைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தன் விரல்தானா என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

டீக்கடையிலிருந்து சண்முகவேல் ஓடிவந்தார். "யோவ் வாட்ச்மேன், இவருதான்யா நாச்சிமுத்து. சார், சொல்லுங்க சார். இவரு பேசுறது பூராத் தப்பு. ஆனா பேச விடணும்லா?"

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இவரத் தெரியுமுங்களா சார்?"

உள்ளே சாம்பிள் அறையின் ஜன்னல் திறந்திருந்தது. "தெரியாது" என்றேன்.

நாச்சிமுத்து சத்தம் போடவில்லை. என்னை ஒரு முறை முழுதாகப் பார்த்தார். "செரீங்க சார். நீங்க தெரியாதுன்னா தெரியாதுதானுங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனார்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது உள்ளே ராசுவின் முறை. மணிக்கணக்குக் கேள்விகளுக்கெல்லாம் ஒத்திகைப்படி பதில் வந்தது. பிறகு அந்த அம்மாள் சும்மா பேச்சுக்கு, "சொந்த ஊரில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். இதற்கு நான் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"வெவசாயந்தானுங்க மேடம். கெணறு வத்திப் போச்சு" என்றது ராசுவின் குரல். "கடன அரசாங்கம் தள்ளுபடி பண்ணுச்சுங்க. நான் கட்டீட்டனுங்க. வாங்குனது நானு, அவிய எப்படித் தள்ளுவாங்க?"

டீக்கடைக் கதைகள் யூனிட் யூனிட்டாகப் பரவும், அப்படித்தான் ராசுவுக்குத் தெரிந்திருக்கும். இதை நானே எனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன். ஆனால் அந்தக் குரலில் மனப்பாடம் செய்த சாயல் இல்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வருத்தப்பட வேண்டிய இடத்தில் வருத்தப்பட்டது.

மறுநாள் நாச்சிமுத்து முதலாளி அறைக்கு வந்தார். நானும் இருந்தேன். வேலையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

"அந்தம்மா எழுதீட்டுப் போன பேப்பர்ல என்ற பேருல எட்டு மணி நேரம்னு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்றேன்.

"அதைக் கிழிச்சுப் போடுங்க. நான் சொல்லாதது என்ற பேருல இருக்கக் கூடாதுங்க. வேறொண்ணும் வேண்டாம்."

"அது நம்ம கையில இல்லீங்களே" என்றார் முதலாளி. "அடுத்த வருசமும் இதே நாச்சிமுத்துவப் பாக்கோணும்னு அந்தம்மா எழுதீட்டுப் போயிருக்காங்க. உங்களுக்கு வேற பேருல கார்டு போட்டுக்கலாமுங்களா? மிசின் அதே மிசின், ரேட்டு அதே ரேட்டு."

"என்ற அப்பன் வெச்ச பேருங்க. ஓசிலதான் வந்துது. ஆனா ஓசில குடுக்கறதுக்கில்லீங்க" என்றார் நாச்சிமுத்து. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு கம்பெனிக்கு வரவில்லை.

ராசு எங்கள் யூனிட்டுக்கே வந்துவிட்டார். வருடா வருடம் ஆடிட்டில் நாச்சிமுத்துவாக உட்கார்ந்தார். பழைய யூனிட்டில் அவர் பெயருக்கு நேரே வேலையை விட்டவர் என்று எழுதிவிட்டோம். கெட்டவர் அல்ல, யார் மனமும் நோகப் பேசமாட்டார். ஓவர்லாக் கற்றுக்கொண்டார். முதலில் வேலையாட்கள் அவரைக் கேலியாகத்தான் அந்தப் பெயரில் கூப்பிட்டார்கள். பிறகு கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றது. பழையவர்கள் ஒவ்வொருவராகப் போனபின் கேலி இருந்ததே யாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் கட்டிங் பிரிவில் அவருக்குப் பின்னால் நின்று "ராசு" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மெஷின் எதுவும் ஓடவில்லை, மூன்றடி தூரம். மறுபடி கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பி, "யாரக் கூப்புடறீங்க சார்?" என்றார். அப்போதுதான் ராசுவும் திரும்பினார், வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று கதவைப் பார்த்தார்.

இன்னொரு முறை லீவுச் சீட்டோடு வந்தார். ராசுவின் சொந்த ஊர் சேலம் பக்கம். சீட்டில் காரணம் என்ற இடத்தில், "குண்டடத்தில் கோயில் நோன்பு" என்று எழுதியிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "வருசா வருசம் போறதுதானுங்களே சார்" என்றார், அமைதியாக. கையெழுத்துப் போட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகும் எனக்குள் இது அடங்கவில்லை. சுதந்திரமான ஒப்பந்தம் என்று எத்தனையோ கடிதங்கள் எழுதியவன் நான். ஒப்பந்தம் என்பதே ஒருவர் தன் பெயரில் சொல்கிற சொல்தான். பெயரையும் சொல்லையும் பிடுங்கினால் பாக்கி இருப்பது வெறும் தையல் மெஷின். அப்பா பாயால் மூடியது தறியை, நான் மூடியது ஆளை. அந்த அம்மாளுக்கு முன்னால் எங்கள் கருத்தைச் சொல்லத் துணிந்தவர் ஒரே ஒருவர்தான், அவரையும் அதே கருத்துடைய நானே வாசலில் நிறுத்தினேன்.

நடந்ததையெல்லாம் ஆடிட் கம்பெனிக்கு ஒரு கடிதமாக எழுதி எடுத்துக்கொண்டு போன வருடம் குண்டடம் போனேன். ரோட்டோரத்தில் தகர ஷெட், உள்ளே ஆறு ஓவர்லாக் மெஷின். நாச்சிமுத்துவுக்கு முடி முழுதும் நரைத்திருந்தது. "வாங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மோர் வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கடிதத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"மேலிடத்து நெருக்கடியால்னு போட்டிருக்கறீங்க."

"ஆமாங்க."

"மொதலாளி உங்கள நெருக்குனாருங்களா?"

"இல்லீங்க. கேள்விதான் கேட்டாரு. வழி சொன்னது நான்."

"அப்ப அத எடுத்துப் போடுங்க. ஒரு பொய்ய எடுக்கறதுக்கு இன்னொண்ண வெக்காதீங்க."

அங்கேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன். அவரும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார்: நான் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தேன். என் விருப்பத்தில் செய்தேன். அன்று பேசியது நான் அல்ல. கீழே கையெழுத்து. இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். மதியம், ஷெட்டில் ஆறு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் தன் மெஷினை நிறுத்திவிட்டு, "படிங்க சார்" என்றார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

புகார் விசாரிக்கப்பட்டது. தொழிலாளி நாச்சிமுத்துவை எங்கள் பிரதிநிதி கம்பெனியில் நேரில் சந்தித்தார். தன் பெயரில் வந்த கடிதத்தைத் தான் எழுதவில்லை என்று அவர் உறுதி கூறினார். கடிதத்தில் உள்ள கையெழுத்து எங்கள் கோப்பிலுள்ள அவருடைய கையெழுத்துடன் ஒத்துப்போகவில்லை. அவர் நலமாக இருக்கிறார்.

மற்ற ஐந்து மெஷின்களும் ஓடிக்கொண்டே இருந்தன.

"உங்க கடுதாசியப் பத்தி?" என்று கேட்டார்.

"என் கையெழுத்து ஒத்துப்போகுதாமுங்க. ஆனா அடையாளம் சரின்னு அன்னைக்கு நான் போட்ட கையெழுத்தும் அதேதான்னு எழுதியிருக்காங்க. அந்தப் பழைய கையெழுத்தையே எடுத்துக்கறாங்களாமா."

அவர் கடிதத்தை வாங்கி, ஆங்கிலத்துக்கு நடுவில் தன் பெயர் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கட்டைவிரலால் அந்த இடத்தை ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

"நல்லா இருக்கறானாமா, அவன்?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"செரீங்க" என்று திரும்பி மெஷினை மிதித்தார். நான் வாசலில் நின்று போய்வருகிறேன் என்றேன். சத்தத்தில் கேட்கவில்லையோ என்று "நாச்சிமுத்து" என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். துணி ஓடிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பவில்லை.